என் தம்பி மாசிலாமணி டென்னிஸ் கோச் ஆன கதை

விழுப்புரத்தில் என் தம்பி மாசிலாமணியைத் தெரியாதவர்கள் குறைவு. ரயில் நிலையத்துக்குக் கிழக்கே இருக்கும் கிளப்பில் அவன் டென்னிஸ் கோச். வக்கீல்கள், டாக்டர்கள், ரயில்வே உத்தியோகஸ்தர்கள், மண்டி முதலாளிகள் என்று அவனிடம் கற்றுக்கொண்டவர்கள் பல பேர். தென்னாற்காடு ஜில்லாவில் டென்னிஸ் ஆடுகிறவர்கள் எங்கே கூடினாலும், அவர்களில் இரண்டு மூன்று பேராவது அவன் கையில் பழகியவர்களாக இருப்பார்கள். அவன் இந்த நிலைக்கு எப்படி வந்தான் என்று ஊரில் விதவிதமாகச் சொல்கிறார்கள். ஒரு வெள்ளைக்காரக் கலெக்டர் அவனை எடுத்து வளர்த்தார் என்று ஒருவர் என் காதுபடவே சொன்னார். எங்களை வளர்த்தது எங்கள் அம்மாதான். அதனால் நடந்ததை நடந்த வரிசையில் எழுதி வைக்கிறேன். நான் பாதிரியார் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள். நேரில் பார்க்காததை எழுதும்போது, அது யார் சொன்னது என்று சேர்த்தே எழுதியிருக்கிறேன்.

எங்களுக்குச் சொந்த ஊர் திண்டிவனம். நிலம் கிடையாது. அப்பா மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை தூக்கினவர். நாங்கள் சிறுசுகளாக இருந்தபோதே காலமாகிவிட்டார். அம்மாவுக்கு ஆபீசர்கள் கிளப்பில் டென்னிஸ் கோர்ட்டை மெழுகும் வேலை கிடைத்தது. கோர்ட்டை மெழுகுவதா என்று பட்டணத்துக்காரர்கள் சிரிக்கலாம். எங்கள் பக்கத்துக் கோர்ட்டுகள் எல்லாம் மண் கோர்ட்டுகள். புற்றுமண்ணும் செம்மண்ணும் கலந்து கொட்டி, உருளை இழுத்துக் கெட்டித்து, அதன்மேல் சாணியைத் தண்ணீராகக் கரைத்து ஊற்றி, அகலத் துடைப்பத்தால் இழுத்துவிடுவோம். இழுக்கும்போது கை நிற்கக் கூடாது. நின்ற இடத்தில் சாணி தடித்துவிடும், அங்கே விழுகிற பந்து சரியாக எழும்பாது. காலையில் மெழுகினால் மத்தியானத்துக்குள் காய்ந்து, பாய் விரித்த மாதிரி ஆகிவிடும். அப்புறம் நூல் பிடித்துச் சுண்ணாம்புக் கோடு போட வேண்டும். அம்மா மெழுகுவாள், நான் கோடு போடுவேன், மாசிலாமணி உருளை இழுப்பான்.

1934ஆம் வருஷம் அந்தக் கிளப்பின் மார்க்கர் வேறு ஊருக்குப் போய்விட்டார். மார்க்கர் என்றால் சம்பளத்துக்கு டென்னிஸ் ஆடுகிறவர். கிளப்பில் யாருக்கு எதிரே ஆட ஆள் கிடைக்கவில்லையோ, அவரோடு போய் நிற்க வேண்டும். மாசிலாமணிக்கு அப்போது பதினேழு வயது. உருளை இழுத்த நேரம் போக, ஓட்டை மட்டை ஒன்றை வைத்துக்கொண்டு சுவரில் பந்து அடித்துக்கொண்டிருப்பான். முன்சீப் ஐயா ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, "வேற ஆள எதுக்குத் தேடணும்? இவனே நிக்கட்டும்" என்றார். அன்றைக்கே நின்றான்.

மார்க்கர் ஆட்டத்துக்கென்று ஒரு வழக்கம் உண்டு. மார்க்கர் ஜெயிக்க வந்தவர் அல்ல. எதிரே ஆடுகிறவருக்கு எங்கே பந்து வந்தால் வசதியோ, அங்கே போட்டுக் கொடுக்க வேண்டும். முன்சீப்புக்கு இடுப்பு உயரத்தில் வர வேண்டும். டாக்டருக்கு இடது பக்கம் வந்தால் கோபம் வரும். தாசில்தார் கனத்த சரீரம், அவரை ஓடவிடக் கூடாது. மாசிலாமணி இதிலே தேர்ந்துவிட்டான். தாசில்தார் ஆடி முடித்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இவங்கூட ஆடினா நானே பெரிய ஆட்டக்காரனாத் தெரியறேன்யா" என்று சொன்னதை நான் சுண்ணாம்புச் சட்டியோடு நின்று கேட்டிருக்கிறேன்.

இரண்டு வருஷம் கழித்து, மதராஸில் மார்க்கர்களுக்கு மட்டும் ஒரு பந்தயம் நடந்தது. கிளப்பார் எல்லாரும் சேர்ந்து அவனை ரயிலேற்றி அனுப்பினார்கள். மறுநாளே திரும்பி வந்துவிட்டான்.

"இன்னாடா ஆச்சு?" என்று கேட்டேன்.

"தோத்துட்டேன்."

"அது மூஞ்சிலயே தெரியுது. எப்பிடித் தோத்த?"

"குடுத்துட்டேங்கா. பந்து வந்தா, எதிராளி எங்க நிக்கறான்னு என் கை பாக்குது. பாத்துட்டு அங்கயே கொண்டும்போயி குடுக்குது. காலியாக் கெடக்கற பக்கம் போவ மாட்டேங்குது."

அவனை ஜெயித்தவன் பச்சைமுத்து என்ற மதராஸ் மார்க்கர். ஆட்டத்தின் நடுவிலேயே, "இன்னாபா திண்டிவனம், பந்த வெத்தல பாக்கு வச்சிக் குடுக்கற? எந்த ஊர்ல கல்யாணம்?" என்று கேட்டானாம். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்களாம். இதைச் சொல்லும்போது மாசிலாமணியே சிரித்துவிட்டான். ஆனால் அன்று அவன் சாப்பிடவில்லை.

கையின் பழக்கத்தை மாற்றுவதற்கு எங்களுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். விடிந்ததும், மெழுகுவதற்கு முன்னால், வலைக்கு அந்தப் பக்கம் நான் துடைப்பத்தோடு நிற்பேன். நான் எங்கே நிற்கிறேனோ அங்கே பந்து வரக் கூடாது. முதல் நாள் வந்த பந்தெல்லாம் என் மேலேயே வந்து விழுந்தது. அந்தப் பழைய பந்துகள் சாணிக் கோர்ட்டில் உருண்டு உருண்டு பச்சையாக இருக்கும். என் புடவை முழுக்க வட்ட வட்டமாகக் கறை.

"கண்ணு தெரியலயாடா? நான் இன்னா முன்சீப்பா?" என்று கத்தினேன்.

அம்மா சாணி வாளியைக் கீழே வைத்துவிட்டு, "புடவைய யாரு தொவைக்கறது? பந்து பட்டா அவந்தான் தொவைக்கணும்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டாள்.

கிளப் கிணற்றடியில் வக்கீல் குமாஸ்தாக்கள் பார்க்க அவன் என் புடவையைத் துவைத்தான். அந்த வெட்கத்தில்தான் கை மாறியது என்று நினைக்கிறேன். கறை வரவரக் குறைந்தது. ஒரு காலையில் நான் கட்டிக்கொண்டு போன புடவையோடே, துவைக்க வேண்டிய அவசியம் இல்லாமல், வீட்டுக்குத் திரும்பி வந்தேன்.

1938இல் மார்க்கர் பந்தயத்தில் அவன் வெள்ளிக் கோப்பை வாங்கினான். கடைசி ஆட்டத்தில் தோற்றது அதே பச்சைமுத்துதான். பச்சைமுத்து நல்ல மனிதன். தானே மட்டைகளைத் தூக்கிக்கொண்டு ரயில் வரைக்கும் வந்து வழியனுப்பினானாம். அந்தப் பந்தயத்துக்குப் பிறகு மதராஸ் கிளப் ஒன்று மாசிலாமணியை அழைத்துக்கொண்டது. பெங்களூர், கோயம்புத்தூர் என்று ஆடிவிட்டு வந்தான். ஜனங்கள் வேடிக்கை பார்க்க டிக்கெட் வைத்து நடந்த ஆட்டங்களில் ஆடினான். திண்டிவனம் வரும்போது வெள்ளைக் கால்சட்டையும் காலில் கித்தான் சோடும் போட்டிருப்பான். அம்மா அதைப் பார்த்து, "இத வெளுக்க எவ்ளோ சோப்பு ஆவும்?" என்பாள்.

அதற்குள் எனக்குக் கல்யாணமாகி விழுப்புரம் வந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் என்ஜின் ஷெட்டில் வேலை செய்கிறார்.

1942இல் ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று மதராஸே காலியானபோது, மாசிலாமணியின் கிளப்பும் பூட்டப்பட்டது. ஒரு டிரங்குப் பெட்டியும் மட்டைகளுமாக எங்கள் வீட்டில் வந்து இறங்கினான். பந்தயங்கள் நின்றுபோயின. ஆடுவதற்குச் சம்பளம் கொடுக்க ஆள் இல்லை.

என் வீட்டுக்காரர் சொன்னார்: "கூட்ஸ் ஷெட்ல மூட்டை தூக்க ஆள் எடுக்கறாங்க மச்சான். சொல்லட்டா?"

"எங்கப்பா தூக்கினதே போதும் மாமா. எதுவும் அமையலன்னா பட்டாளத்துல சேந்துக்கறேன். ஸ்டேஷன்ட்டயே ஆள் எடுத்துக்கினுதான இருக்காங்க."

அதைக் கேட்ட நாளிலிருந்து எனக்கு நிம்மதி இல்லை. எங்கள் திண்டிவனம் தெருவிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர்களில் இரண்டு பேர் பர்மாவிலிருந்து திரும்பவில்லை. அம்மா நடந்தே பாதி வழி வந்து, பஸ் பிடித்து, எங்கள் வீட்டில் வந்து உட்கார்ந்துகொண்டு அழுதாள். "கிளப்புல கேட்டுப் பாருடா. எங்கனா கேட்டுப் பாரு" என்றாள்.

விழுப்புரம் கிளப்பின் காரியதரிசி விருத்தாசலம் என்ற வக்கீல். அவர் மாசிலாமணியின் பெயரைக் கேள்விப்பட்டிருந்தார். ஆனால் கிளப்புக்கு மார்க்கர் வைத்துக்கொள்ள வசதி இல்லை. அவர் சொன்னது இதுதான்: "வர்ற தை மாசம் கடலூர்க்காரங்க இங்க ஆட வர்றாங்க. வருஷா வருஷம் அவங்ககிட்ட உதை வாங்கறதே எங்களுக்கு வேலையாப் போச்சு. எங்க ஜோடி ஒருதடவை அவங்கள ஜெயிக்கட்டும். உறுப்பினர்ங்க எல்லார்கிட்டயும் பேசி உன்ன நிரந்தரமா கோச்சா வச்சுக்கறேன். இல்லன்னா தையோட சரி. முடியுமா?"

"முடியும்ங்க" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டான். வீட்டில், "தை வரைக்கும் பட்டாளம் இல்ல" என்று அம்மாவுக்குச் சத்தியம் செய்தான். அதற்குப் பிறகு என்ன என்று அம்மாவும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை.

அந்த ஜோடி யார் என்றால், ஒருவர் கோதண்டபாணி. ரயில்வே கூட்ஸ் குமாஸ்தா. நெட்டையான ஆள், வாய் கொஞ்சம் அதிகம். இன்னொருவர் மல்லாட்டை மண்டி வைத்திருக்கும் ஜீவேந்திர நயினார். செஞ்சிப் பக்கத்து ஜைனர். நாற்பது வயதுக்கு மேல். நிதானமானவர்.

முதலில் எல்லாம் தப்பாகவே போயிற்று. மதராஸில் ஜெயித்து ஜெயித்துப் பழகிய கை. அவர்கள் அடித்த பந்தையெல்லாம் அவன் மூலைக்கு மூலை அடித்துப் போட்டான். இப்படித்தான் அடிக்க வேண்டும் என்று காட்டுவதாக அவன் எண்ணம். ஒரு மாதம் ஆவதற்குள் கோதண்டபாணி எங்கள் வீட்டு வாசலுக்கே வந்து என் வீட்டுக்காரரிடம் முறையிட்டார்.

"உன் மச்சான்கிட்ட ஆட்டம் கத்துக்க வந்தனா, பந்து பொறுக்கக் கத்துக்க வந்தனா? குனிஞ்சி குனிஞ்சி எனக்கு இடுப்பே போச்சிய்யா."

"அவன் வாங்குன கோப்பைய பாத்தியா கோதண்டபாணி?"

"பாத்தேன். அதுல காப்பி குடிக்க முடியுமான்னு கேட்டுச் சொல்லு!"

நிலைமையை மாற்றியது பந்துப் பஞ்சம்தான். யுத்தத்தில் ரப்பர் எல்லாம் பட்டாளத்துக்குப் போய்விட்டது. கடையில் புதுப் பந்து கிடைப்பதில்லை. கிளப்பில் இருந்தவை மயிர் உதிர்ந்த பழைய பந்துகள். வேகமாக அடித்த பந்து வேலி தாண்டிச் சப்பாத்திக்கள்ளியில் விழுந்தால் முள் குத்தி வீணாகிவிடும். அப்படி ஒரே வாரத்தில் பல பந்துகள் போயின. கடைசியில் மிஞ்சியவற்றை மாசிலாமணி வீட்டுக்குக் கொண்டுவந்து, சோப்புப் போட்டுக் கழுவி, கொடியில் துணிக்குள் முடிந்து காயவைத்தான். பிறகு அவற்றை ஒன்றொன்றாக எண்ணினான்.

"இனிமே ஒண்ணும் வெளில போவக் கூடாதுக்கா. அவங்க அடிக்கற மாதிரியே குடுக்கணும். பழைய மார்க்கர் ஆட்டந்தான்."

"அப்பறம் அவங்க எப்பிடிக் கத்துக்குவாங்க?"

"அதான் தெரியல."

மறுநாளிலிருந்து அவர்கள் மட்டைக்கே பந்தைக் கொடுத்தான். அவர்களுக்குச் சந்தோஷம் வந்துவிட்டது. பந்து வலைக்கு இப்படியும் அப்படியும் போய் வந்துகொண்டே இருந்தது. சில நாள் கழித்து அவன் ஒரு காரியம் செய்தான். நயினாருக்கு வசதியான இடத்திலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட்டான். நயினார் தன்னையறியாமல் ஓர் எட்டு வைத்து எடுத்தார். அது பழகினதும் இன்னும் ஒரு சாண். கோதண்டபாணிக்கு இடுப்பிலிருந்து தோளுக்கு, தோளிலிருந்து தலைக்கு மேல். யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. இந்தக் கிளப்பிலும் நான் தினமும் கோடு போடப் போகிறவள் ஆதலால், கோர்ட்டில் இருக்கும் கால் தடங்களைப் பார்ப்பேன். முதலில் நடுவில் மட்டும் தேய்ந்திருந்த மெழுக்கு, போகப் போக ஓரக்கோடு வரைக்கும் தேய்ந்திருந்தது. அவர்கள் அவ்வளவு தூரம் ஓடிக்கொண்டிருந்தார்கள், அது அவர்களுக்கே தெரியாது.

எதிராளியை ஜெயிக்கவும் அதையே கற்றுக்கொடுத்தான். "அவன அடிச்சி விழுத்தாதீங்க. குடுங்க. குடுக்கறப்போ ஒரு சாண் தள்ளிக் குடுங்க. அப்பறம் இன்னொரு சாண். அவனே எடத்த காலி பண்ணிக்கினு போயிடுவான்" என்பான். கார்த்திகை மாதம் வந்தபோது, அந்த ஜோடி கிளப்பில் யாரையும் ஜெயிக்கக்கூடியதாகிவிட்டது.

ஆனால் ஒரு குறை மட்டும் தீரவில்லை. நயினார் தினமும் நன்றாக ஆடிக்கொண்டே வருவார். வெயில் மஞ்சளாக ஆரம்பித்ததும் அவருடைய ஆட்டம் கெட்டுவிடும். அவசர அவசரமாக அடிப்பார். பந்து வலையில் விழும், வேலிக்குப் போகும்.

"வயசாயிடுச்சி. மூச்சு வாங்குது" என்றார் கோதண்டபாணி.

மாசிலாமணி அவர் மட்டை பிடிக்கும் விதத்தை மாற்றினான். நிற்கும் விதத்தை மாற்றினான். ஒன்றும் பலிக்கவில்லை. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆடவைத்துப் பார்த்தான். நயினார் உச்சி வெயில் வரைக்கும் ஒரு தப்பு செய்யாமல் ஆடினார். மூச்சும் வாங்கவில்லை. மறுநாள் சாயங்காலம் மாசிலாமணி பந்தைப் பார்க்காமல் அவர் கண்ணைப் பார்த்தான். அவர் அடிக்கு அடி கூட்ஸ் ஷெட் கூரைக்கு மேலே இருந்த சூரியனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"கண்ணு கூசுதுங்களா நயினாரே?"

நயினார் சிரித்தாராம். "கூசலப்பா. பொழுது சாயறதுக்கு முன்ன நாங்க சாப்புட்டாவணும். சாஞ்சப்பறம் தண்ணி கூடத் தொட மாட்டோம், மறுநாள் பொழுது கெளம்பற வரைக்கும்."

"அப்ப பசிக்குதா உங்களுக்கு?"

"எனக்கென்ன, ஒரு ராத்திரி பட்டினி கெடந்தா கொறஞ்சா போயிடுவேன்? வூட்ல அவங்க எனக்கு முன்னாடி சாப்புட மாட்டாங்க. ரெண்டு தட்டு வச்சிக்கினு ஒக்காந்திருப்பாங்க. நான் லேட்டானா அவங்களும் பட்டினி. அத நெனச்சா கை நிக்க மாட்டேங்குது."

எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடுதான் பெரிய சாப்பாடு. அதனால் மாசிலாமணிக்கு இப்படி ஒன்று தோன்றியதே இல்லை. கையையும் காலையும் மாற்றிக்கொண்டு ஒரு மாதத்தை வீணாக்கிவிட்டேனே என்று வீட்டில் வந்து தலையில் அடித்துக்கொண்டான்.

நயினார் வீட்டு அம்மாவிடம் பேசினால் வழி பிறக்கும் என்று என்னையும் அழைத்துக்கொண்டு போனான். நாங்கள் பின்பக்கத் தோட்டத்து வாசலில் நின்றோம். சந்திரவதி அம்மாள் கொல்லைக் கதவைத் திறந்துகொண்டு வந்து, மோர் கொடுத்துவிட்டு, சொன்னதை எல்லாம் கேட்டுக்கொண்டாள். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"நான் பட்டினி கெடக்கறதா யாரு சொன்னது?"

"ஐயாதாங்க."

"நான் நேரத்துக்குச் சாப்புட்டு, தட்டக் கழுவித் தொடச்சி, திரும்ப அவரு தட்டுக்குப் பக்கத்துல வச்சிடுவேன். அவரு பொழுதோட வந்தா கூட ஒக்காந்து ரெண்டு வாய் கொறிப்பேன். வருஷக் கணக்கா இப்பிடித்தான் நடக்குது."

"அப்ப அவருகிட்ட சொல்லிடலாம்ங்களா?" என்றான் மாசிலாமணி ஆசையோடு.

"நல்லா கெட்டுது போ! சொன்னா அவரு எங்க வூட்டுக்கு வருவாரு? மண்டில நிப்பாரு, இல்லன்னா உன் கோர்ட்ல நிப்பாரு. சாப்பாடே மறந்துடும். சொல்லவே கூடாது. சத்தியம் பண்ணு."

சத்தியம் செய்துவிட்டு வந்தான். வழியெல்லாம், "உண்மை கெடச்சும் பிரயோசனம் இல்லாமப் போச்சேக்கா" என்று புலம்பினான். பிறகு அவனே சமாதானமானான். கடலூர் ஆட்டம் பிற்பகலில் சீக்கிரமே தொடங்குகிறது, வெயில் மஞ்சளாவதற்குள் முடிந்துவிடும் என்று காரியதரிசியைக் கேட்டு உறுதி செய்துகொண்டான்.

அந்த நாள் வந்தது. அன்று காலையில் அம்மாவும் நானும் சேர்ந்து கோர்ட்டை மெழுகினோம். அம்மா அதற்காகவே முதல் நாள் வந்திருந்தாள். சுண்ணாம்புக் கோட்டை ஒன்றுக்கு இரண்டு தடவை இழுத்தேன். கிளப்பில் பந்தல் போட்டு, மாவிலை கட்டியிருந்தார்கள். எல்லாரும் வந்து உட்கார்ந்தாயிற்று. கடலூர்க்காரர்கள் மட்டும் வரவில்லை. பட்டாளத்து ரயிலுக்கு வழிவிட்டு அவர்கள் வண்டி எங்கேயோ நின்றுவிட்டது. அது வந்து சேர்ந்தபோது மணி நாலு இருக்கும்.

மூன்று செட்டில் இரண்டை எடுப்பவர்களுக்கு வெற்றி. முதல் செட்டை நம்மவர்கள் எடுத்தார்கள். கோதண்டபாணி வாய் மூடாமல் ஆடினார். இரண்டாவது செட்டில் கடலூர்க்காரர்கள் சுதாரித்துக்கொண்டார்கள். அந்தச் செட் அவர்களுக்குப் போயிற்று. மூன்றாவது செட் தொடங்கும்போது கோர்ட்டின் மேல் வலைக் கம்பத்து நிழல் நீளமாக விழுந்திருந்தது. நயினார் ஒரு பந்தை வலையில் அடித்தார். அடுத்ததை வேலிக்கு அடித்தார்.

நான் பின்னால் கொட்டகையில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். மாசிலாமணி சொம்பு எடுக்க வந்தான்.

"சூரியன பாக்க ஆரம்பிச்சிட்டாருக்கா."

"சொல்லிடேன்டா. உன் பொழப்பு."

"சத்தியம் பண்ணியிருக்கேன். அந்தம்மா வாயால சொல்லணும். ஜல்தி போ. நானும் எதனா பண்ணி சமாளிக்கறேன்."

நயினார் வீடு இருந்த மண்டித் தெரு கிளப்புக்குப் பின்னாலேயே இருந்தது. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினேன். எனக்கு அப்போது ஐந்து மாதம். என் மாமியார் பார்த்திருந்தால் என்னைக் கொன்றிருப்பாள். சந்திரவதி அம்மாள் அப்போதுதான் தன் தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"இன்னம் முடியலயா?" என்றாள்.

"முடியலம்மா. ஐயா சூரியனயே பாக்கறாரு. பந்தெல்லாம் வலையில போவுது. தோத்தா எந்தம்பி பட்டாளத்துக்குப் போயிடுவான்."

கையில் இருந்த தட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். என் வயிற்றையும் பார்த்தாள்.

"இதுக்கா இப்பிடி ஓடி வந்த? ஒக்காரு மொதல்ல... சரி, ஒக்காராத, போ. நான் சாப்புட்டாச்சின்னு சொல்லச் சொல்லு. இன்னிக்கி மட்டுந்தான்னு சேத்துச் சொல்லணும். அத முழுங்கிடாதீங்க ரெண்டு பேரும்!"

நான் திரும்பி வந்தபோது நம்மவர்கள் மூன்று கேம் பின்தங்கியிருந்தார்கள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக ஆட்டக்காரர்கள் இடம் மாறும் நேரம். மாசிலாமணி சொம்பை நயினாரிடம் நீட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னான். கொட்டகைக்குப் பக்கத்தில் நின்றதால் எனக்குக் கேட்டது.

"நயினாரே, அம்மா சாப்புட்டாங்களாம். அக்கா நேர்ல போய்ப் பாத்துட்டு வந்தாங்க."

"சாப்புட்டாங்களா? எனக்கு முன்னாடியா?"

"இன்னிக்கி மட்டுந்தான்னு சொன்னாங்க."

நயினார் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் கூட்ஸ் ஷெட் கூரையைப் பார்த்தார். சூரியன் இன்னும் கொஞ்சம் தெரிந்தது. சொம்புத் தண்ணீரைக் கடைசிச் சொட்டு வரைக்கும் அண்ணாந்து குடித்தார். அன்றைக்கு அதுதான் கடைசித் தண்ணீர்.

"அப்ப எனக்கு இன்னா அவசரம்? வாய்யா கோதண்டபாணி."

அதற்குப் பிறகு அவர் மேற்கே பார்க்கவில்லை. பந்தைக் கொடுத்தார். ஒரு சாண் தள்ளிக் கொடுத்தார். கடலூர்க்காரர்கள் பெரிய பெரிய அடியாக அடித்தார்கள். நயினார் எடுத்து எடுத்து, மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தார். அவர்களில் ஒருவர் ஓரக்கோட்டைத் தாண்டிப் போய் நின்றிருப்பது அவருக்கே தெரியவில்லை. நடுவில் வண்டி ஓட்டுகிற அளவுக்கு இடம் காலி. கோதண்டபாணி அந்த இடத்தில் பந்தைத் தட்டிவிட்டு, "ஸ்டேஷன் மாஸ்டர், லைன் க்ளியர்!" என்று கத்தினார். பந்தலே சிரித்தது. பின்தங்கிய கேம்களை ஒவ்வொன்றாக மீட்டார்கள். சூரியன் மறைந்து, வெளிச்சம் மட்டும் மிச்சமிருந்தது. வெள்ளைக் கோடுகள் நன்றாகத் தெரிந்தன. அந்த வெளிச்சத்தில்தான் கடைசிப் பந்து கடலூர்க்காரரின் மட்டையில் பட்டு வெளியே போயிற்று.

மாசிலாமணி துள்ளவில்லை, கத்தவில்லை. முதலில் போய்ப் பந்துகளைப் பொறுக்கினான். ஒன்றும் தொலைந்துபோகக் கூடாதே. கூட்டத்துக்கு நடுவில் காரியதரிசி அவனைத் தேடிப் பிடித்து, "நாளைக்குக் காலையில வந்துடு. கோச் வேலை உனக்குத்தான். உறுப்பினர்ங்ககிட்ட நான் பேச வேண்டிய அவசியமே இல்ல, அவங்களே கேக்கறாங்க" என்றார். அவன் பந்துகளைக் கையில் வைத்துக்கொண்டே கும்பிட்டான்.

அம்மா மூலையில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறாள். ஆட்டம் அவளுக்குப் புரியாது. "இன்னா சொன்னாரு?" என்று என்னைக் கேட்டாள். சொன்னேன். "அப்ப பட்டாளம்?" என்றாள். "இல்லம்மா" என்றேன். உடனே கோர்ட்டில் இறங்கி, ஆட்டக்காரர்கள் கிளறிவிட்டிருந்த மண்ணைக் காலால் சமப்படுத்தத் தொடங்கிவிட்டாள். "நாளைக்கும் ஆடுவாங்க இல்ல?" என்றாள்.

அது நடந்து ஆறு வருஷம் ஆகிறது. கடலூர்க்காரர்களை அதற்குப் பிறகு நாலு தடவை ஜெயித்திருக்கிறோம், இரண்டு தடவை தோற்றிருக்கிறோம். திண்டிவனம் கிளப்பிலிருந்தும் இப்போது வாரத்துக்கு ஒரு நாள் மாசிலாமணியைக் கூப்பிடுகிறார்கள். அவனுக்குக் கல்யாணமாகிவிட்டது. என் மகளுக்கு அவன் செய்து கொடுத்த சின்ன மட்டை எங்கள் வீட்டில் துணி அடித்துத் துவைக்கப் பயன்படுகிறது.

சந்திரவதி அம்மாளின் தட்டு விஷயம் நயினாருக்கு அடுத்த மழைக்காலத்திலேயே தெரிந்துவிட்டது. அவளே சொல்லிவிட்டாள். தெரிந்துவிட்டதால்தான் நானும் இங்கே எழுதுகிறேன். அவர் இப்போது வீட்டில் நேரத்தோடு சாப்பிட்டுவிட்டே கிளப்புக்கு வருகிறார். வந்தால் இருட்டுகிற வரைக்கும் மட்டையைக் கீழே வைப்பதில்லை. போன வாரம் சந்தையில் சந்திரவதி அம்மாள் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் தம்பிக்கு வேலை கெடச்சிது. எனக்கு வூட்டுக்காரரு போயிட்டாரு."

"தம்பிகிட்ட சொல்லி சீக்கிரம் அனுப்பச் சொல்லட்டுங்களா?" என்றேன்.

"வேணாம் வேணாம். வூட்ல இருந்தா மல்லாட்டை வெலயத்தான் பேசிக்கினு இருப்பாரு. அங்கயே ஆடட்டும்" என்று சொல்லிவிட்டு, கத்திரிக்காயைப் பேரம் பேசப் போய்விட்டாள்.